பழுதின் பெயர் அறிவோம்

(கல்லாற்றில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் முழங்குவதே வழக்கம். அவ்வழக்கத்திற்கு மாறாக, ஒழுகும் கூரையைப் பற்றியும் அடைபடும் குழாயைப் பற்றியும் பேச முன்வந்துள்ளோம். இதைக் கேட்டுச் சிலர் நகைக்கவும் கூடும். ஆயினும் ஆண்டின் பன்னிரண்டு திங்களும் நாம் குடியிருப்பது காலனி வீடுகளில் அன்றோ? அவ்வீடுகளின் உறுப்புகளுக்கும் பழுதுகளுக்கும் உரிய பெயர்களை அறிந்துகொள்வது நம் குடும்பங்களுக்குப் பெரும் பயன் தரும் என்பதே நாம் சொல்ல வந்த செய்தி.

அதற்கு இந்த இடத்தைக் காட்டிலும் பொருத்தமான இடம் கிடைக்காது. பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டையூசி வளைவுகளுக்குக் கீழே, மலையடிவாரத்தில் அமர்ந்திருக்கிறோம். நம் முன்னே ஓடும் கல்லாறு வாமனபுரத்து ஆற்றோடு கலக்கும் சிற்றாறு. இதன் படுகையில் கிடக்கும் கற்களைப் பாருங்கள். மலையிலிருந்து கூர்முனையோடு விழுந்த பாறைகளை உருட்டி, முட்டைபோல் வழவழப்பாக்கியது நீரே. கல்லையே தேய்த்துவிடும் நீர், செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட நம் சுவரை விட்டுவைக்குமா? இந்நாட்டில் சூன் திங்களில் ஒரு மழைக்காலம் தொடங்குகிறது. ஐப்பசியில் துலாவர்ஷம் என்னும் மறு மழைக்காலம் வருகிறது. தஞ்சையிலும் மதுரையிலும் நம் பெற்றோர் கற்ற வீட்டுப் பராமரிப்பு இங்கே போதாது.

நாம் கொத்தனாரும் அல்லோம்; எஞ்சினீயரும் அல்லோம். கோப்பும் குறிப்பேடுமாக வாழும் எழுத்தர்கள். ஆனால் கோப்பு எதனால் நகர்கிறது என்பதை அறிவோம். அது சொல்லால் நகர்கிறது. புகார்ப் புத்தகத்தில் ‘வீடு ஒழுகுகிறது, ஆவன செய்க’ என்று எழுதினால், மழை விட்ட பிறகு ஒருவர் வருவார், அண்ணாந்து பார்ப்பார், ‘இப்போது ஒழுகவில்லையே’ என்று கூறிச் சென்றுவிடுவார். ‘பின்கட்டு அறையில், வடக்குச் சுவரும் கூரையும் சேரும் இடத்தில், மழை தொடங்கி அரை மணிக்குப் பின் நீர் சொட்டுகிறது’ என்று எழுதினால், வருபவர் ஏணியோடு வருவார். நம் கையில் இருக்கும் வலிமை இவ்வளவே. ஆனால் இது சிறிதன்று.

முதற்கண் ஈரத்தைப் பற்றிச் சொல்வோம். வீட்டுக்குள் வரும் ஈரம் அனைத்தையும் ‘ஒழுகல்’ என்று ஒரே பெயரால் குறிப்பது நம் பழக்கம். உண்மையில் அது மூவகைப்படும்.

மழை பெய்யும்போது மேலிருந்து வருவது ஒழுக்கு. அது மழையோடு வந்து, மழை விட்டபின் நின்றுபோகும். குழாயிலிருந்து வருவது கசிவு. அதற்கும் மழைக்கும் உறவில்லை. சித்திரை வெயிலிலும் சுவர் நனைந்திருக்கும். மேல் வீட்டுக் குளியலறைக்கு நேர் கீழே இருப்போர் இதனை நன்கு அறிவர். மூன்றாவது ஓதம். அது தரையிலிருந்து சுவர் வழியே மேலேறுவது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போலச் செங்கல் மண்ணின் ஈரத்தை உறிஞ்சுகிறது. முழங்கால் உயரமோ இடுப்பு உயரமோ ஏறி, அங்கே ஒரு கோடு கட்டி நிற்கும், அக்கோட்டில் வெண்மையாக உப்புப் பூக்கும், சுண்ணாம்பு உதிரும்.

ஓதத்தைத் தடுக்கவே, கொத்தனார்கள் ‘பேஸ்மட்டம்’ என்று சொல்லும் அடிப்பீடத்தின் மேல், சுவர் எழும்பும் இடத்தில் நீர் புகாத சாந்தால் ஒரு படை இடுகின்றனர். அதற்கு ஈரத்தடுப்புப் படை என்று பெயர். அப்படை நன்றாக இருக்கும் வீட்டிலும் ஓதம் ஏறுவதுண்டு. காரணம் யாது? செம்பருத்தியும் கனகாம்பரமும் வளர்க்க விரும்பி, வெளிச்சுவரை ஒட்டி மண்ணைக் குவித்திருப்போம். குவித்த மண் ஈரத்தடுப்புப் படையைத் தாண்டிய உயரத்தில் சுவரைத் தொடுகிறது. மண்ணை ஒரு முழம் தள்ளி வெட்டியெடுத்தாலே பாதி நோய் தீரும்.

இம்மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு. ஓதம் ஏறிய சுவருக்காக மொட்டை மாடியில் தார் பூசுவது, ஒருவருக்குக் காய்ச்சல் இருக்க மற்றொருவருக்குக் கஷாயம் கொடுப்பதற்கு ஒப்பாகும். பணமும் போகும், ஈரமும் போகாது.

அடுத்துக் கூரை. காலனிகளில் இன்னும் எஞ்சியிருக்கும் பழைய வீடுகள் பல மங்களூர் ஓடு வேய்ந்தவை. 1865இல் பாசல் மிஷனார் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து இவ்வோடு மேற்குக் கரையெங்கும் பரவியது. ஓட்டுக் கூரையின் உச்சி முகடு. முகட்டிலிருந்து சரிந்து இறங்கும் மரங்கள் கைமரங்கள். அவற்றின் குறுக்கே அடிக்கும் மெல்லிய சட்டங்கள் ரீப்பர்கள். ஓடுகள் தொற்றி நிற்பது ரீப்பரில். இரு சரிவுகள் உள்முகமாகக் கூடும் பள்ளம் கூடல்வாய். சுவருக்கு வெளியே நீண்டு நிற்கும் கூரை விளிம்பு இறவாரம். ஒழுக்கு மிகுதியாகப் பிறப்பது கூடல்வாயில். இரண்டு சரிவின் நீரும் அங்கே சேர்கிறது. சருகும் அங்கேயே சேர்கிறது. சருகு நீரைத் தேக்க, நீர் ஓட்டின் அடியில் புகுந்துவிடுகிறது. ஆகவே ‘ஓடு மாற்ற வேண்டும்’ என்று எழுதுமுன், ‘கூடல்வாயில் சருகு அடைத்துள்ளது’ என்பதே உண்மையா எனப் பார்த்தல் நன்று.

இவ்விடத்தில் ஒரு மகிழ்ச்சியான செய்தியைச் சொல்லியாக வேண்டும். நம் வீட்டுக்குப் பழுதுபார்க்க வரும் மேஸ்திரி பேசுவது மலையாளம். அவர் மொழி நமக்குப் புரியாது என்று பலர் தயங்கி, கையைக் காட்டிப் பேசி முடித்துவிடுகின்றனர். சற்றே செவிசாய்த்தால் அவர் சொற்களில் பல நம் பழந்தமிழ்ச் சொற்களே என்பது விளங்கும். ஒழுக்கை அவர் ‘சோர்ச்ச’ என்கிறார்; கண்ணீர் சோர்ந்தது என்று நாம் எழுதும் சொல்லே அது. வெடிப்பை ‘விள்ளல்’ என்கிறார். வாய் விள்ளுதல் என்பது நம் வழக்கன்றோ? கரையானை ‘சிதல்’ என்கிறார். நம் பழைய நூல்களிலும் கரையானுக்குச் சிதல் என்றே பெயர். கான்கிரீட் தளத்தை ‘வார்ப்பு’ என்கிறார். ஊற்றிச் செய்வதெல்லாம் நமக்கும் வார்ப்புத்தான். ஈரம் அவர்க்கு ‘ஈர்ப்பம்’. இறவாரத்தின் கீழ் இடம் அவர்க்கு ‘இறயம்’. கைமரம் அவர்க்கு ‘கழுக்கோல்’.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். நாம் உத்திரம் என்பது அறையின் குறுக்கே சுமை தாங்கும் பெரிய மரத்தை. அவர் ‘உத்தரம்’ என்பது சுவரின் தலைமேல் நீளவாக்கில் கிடந்து கழுக்கோலைத் தாங்கும் மரத்தை. பெயர் ஒன்று போல் ஒலிக்கும், உறுப்பு வேறு. உத்திரத்தைச் சிதல் அரித்தது என்று நாம் சொல்ல, அவர் சுவர்த்தலையைத் தட்டிப் பார்த்து, ‘குழப்பமில்லை’ என்று கூறிப் போய்விடக் கூடும்.

புதிய வீடுகளில் ஓடு இல்லை. தட்டையான கான்கிரீட் தளமே உள்ளது. தட்டை என்று கண்ணுக்குத் தோன்றினாலும், அது முழுத் தட்டையாக இருத்தல் ஆகாது. நூறு அங்குலத்துக்கு ஓர் அங்குலமாவது தாழ்ந்து, நீர் வெளியேறும் குழாயை நோக்கிச் செல்ல வேண்டும். இச்சரிவுக்கு வாட்டம் என்று பெயர். தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போடும் படையைத் தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் ‘சுருக்கி’ என்பர். அதன்மேல் தட்டோடு பதிப்பர். இவை வெயிலையும் மழையையும் முதலில் தாங்கிக்கொள்ளும் போர்வைகள். மழை விட்ட மறுநாளும் மாடியில் நீர் குளம் கட்டி நின்றால், ‘தளம் ஒழுகுகிறது’ என்று எழுதாமல், ‘வாட்டம் சரியில்லை, நீர் தேங்குகிறது’ என்று எழுதுக.

தளத்தின் அடிப்புறத்தைப் பற்றித் தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டுகிறோம். மேலிருந்து சிறு துண்டுகள் உதிரும்போது ‘காரை பெயர்கிறது’ என்று பொதுவாகச் சொல்கிறோம். மேற்பூச்சு மட்டும் பெயர்வது ஒன்று; கான்கிரீட்டே பெயர்வது மற்றொன்று. கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. அதனைக் காற்றும் நீரும் தீண்டாதபடி சுமார் 20 மில்லிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். இம்மூடலை வேலைக்காரர்கள் ‘கவர்’ என்பர். கவர் குறைந்தாலோ, நெடுநாள் நீர் இறங்கினாலோ கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடம் கொள்வது. அவ்வீக்கம் கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளி உடைக்கிறது. கம்பி ஓடும் வழியே பழுப்பு நிறக் கோடு தெரிதல், தட்டினால் வெற்றொலி எழுதல், தளம் ஓரிடத்தில் தொங்கினாற்போல் புடைத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் தொட்டிலையும் கட்டிலையும் அவ்விடத்திலிருந்து உடனே அகற்றுங்கள். பின்னர்ப் புகார்ப் புத்தகத்தில் ‘காரை பெயர்கிறது’ என்று எழுதாமல், ‘கம்பி தெரிகிறது’ என்றோ, ‘கம்பி வழியே துருக்கோடு தெரிகிறது’ என்றோ எழுதுங்கள். முன்னதைப் படிப்பவர் சுண்ணாம்புக்காரரை அனுப்புவார். பின்னதைப் படிப்பவர் தாமே வருவார்.

சுவர் வெடிப்பைக் கண்டு அஞ்சுவோரும் உளர். அஞ்ச வேண்டியதைக் கண்டும் அஞ்சாதோரும் உளர். பூச்சில் மட்டும் வலைபோல் பரவும் மயிரிழை வெடிப்பு பெரும்பாலும் தீங்கற்றது. சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு போலச் சாய்வாக ஏறும் வெடிப்பு, கடைக்கால் ஒருபுறம் இறங்குவதைக் காட்டக்கூடும். வெடிப்பு வளர்கிறதா, நின்றுவிட்டதா என்பதே வினா. அதனை அறிய எளிய வழி உண்டு. வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமிட்டிக் கலவையால் இரு முனையிலும் ஒட்டி, அருகில் தேதியை எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது என்று பொருள். தேதியோடு கூடிய உடைந்த கண்ணாடிக்கு எந்த அதிகாரியும் மறுப்புச் சொல்ல இயலாது.

குளியலறைக்கு வருவோம். விடுமுறைக்கு ஊர் சென்று ஒரு திங்கள் கழித்துத் திரும்பினால், வீட்டில் சாக்கடை நாற்றம் வீசுகிறது. குழாய் உடைந்தது என்று கருதுகிறோம். உண்மை அதுவன்று. தரையில் நீர் இறங்கும் வாயின் கீழே ‘நஹானி டிராப்’ என்னும் வளைவு உள்ளது. அவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் தங்கி, சாக்கடைக் காற்று மேலேறாதபடி தடுக்கிறது. இதுவே நீர்ப்பூட்டு. பூட்டிய வீட்டில் அந்நீர் வற்றிவிடுகிறது, பூட்டுத் திறந்துகொள்கிறது. ஒரு செம்பு நீர் ஊற்றினால் நாற்றம் நின்றுவிடும். அப்படியும் நில்லாவிடில் மட்டுமே புகார் எழுத வேண்டும்.

சொட்டும் குழாய்க்கு வாஷர் என்னும் சிறு வளையம் தேய்ந்திருப்பதே பெரும்பாலும் காரணம். நிமிடத்துக்கு 10 மில்லி லிட்டர் சொட்டினால் நாளொன்றுக்கு 14.4 லிட்டர் வீணாகும். அளந்து பார்த்து அக்கணக்கை எழுதினால் புகாருக்கு எடை கூடும்.

மின்சாரத்தில் இரண்டு பெயர்களை மட்டும் நினைவில் வையுங்கள். சுமை மிகுந்தாலோ கம்பிகள் தம்முள் தொட்டுக்கொண்டாலோ தானே விழுவது எம்.சி.பி. மின்சாரம் மனிதர் உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ மண்ணுக்குக் கசிந்தால் நொடியில் துண்டிப்பது ஆர்.சி.சி.பி. முன்னது வீட்டைக் காப்பது. பின்னது உயிரைக் காப்பது. பின்னதில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. திங்களுக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழாவிடில் அது வெறும் பெட்டியே. ஓதம் ஏறிய சுவரில் சுவிட்சு இருக்கும் வீட்டார்க்கு இது மிகவும் இன்றியமையாதது.

நிற்க. இனி அலுவலகச் சொற்கள். அரசுக் கட்டடங்களில் பழுதுபார்த்தலை மூன்றாகப் பிரிப்பர். வாஷர் மாற்றுதல், அடைப்பு நீக்குதல் போன்றவை அன்றாடப் பழுது. வெள்ளையடித்தல், வண்ணம் பூசுதல் போன்று காலம் வகுத்துச் செய்பவை ஆண்டுப் பழுது. தரை பெயர்த்துப் போடுதல், தளத்துக்குப் புதுப் படை இடுதல் போன்றவை சிறப்புப் பழுது. அன்றாடப் பழுதுக்கு ஆள் வந்தால் போதும். சிறப்புப் பழுதுக்கு மதிப்பீடும் ஒப்புதலும் பணமும் வர வேண்டும். சிறப்புப் பழுதை அன்றாடப் பழுது போல நாள்தோறும் புகார்ப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தால் ஆண்டுகள் கழியும். ஒரு வரிசை வீட்டார் ஒன்றுகூடி, ‘இது சிறப்புப் பழுது, மதிப்பீடு தயாரிக்க வேண்டுகிறோம்’ என்று தனி மனு எழுதுவதே வழி. வேலை முடிந்தபின் அளவுப் புத்தகம் என்னும் ஏட்டில் எத்தனை மீட்டர், எத்தனை எண்ணம் என்று பதிவாகும்; அதைக் கொண்டே பணம் வழங்குவர். நம் வீட்டில் என்ன செய்தார்கள் என்பதை நாமும் ஒரு தாளில் குறித்து வைப்பது குற்றமாகாது.

இச்சொற்கள் வசதிக்கு மட்டும் உரியவை என்று கருதலாகாது. உயிரோடும் உரிமையோடும் இவை பிணைந்தவை. நாம் அமர்ந்திருக்கும் இக்கல்லாற்றுக்கு அருகில், இதே மலைத்தொடரில், போனக்காடு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. தமிழகத்திலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்கள் அங்கே லயங்களில் வாழ்கின்றன. லயம் என்பது இசை லயம் அன்று. வரிசை வீடுகளைக் குறிக்கும் ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. தோட்டம் நலிவுற்ற பின் லயங்களும் பழுதுற்றன. சிதைந்த கூரையின் கீழ் மழைக்காலத்தைக் கழிக்கும் நம் உடன்பிறப்புகளின் செய்தியை நாளிதழ்களில் படித்திருக்கிறோம்.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர்க்கு வீடு கட்டித் தருவதையும் அதனைப் பேணுவதையும் முதலாளியின் கடமையாக்கியது. 1981இல் அதில் ஒரு திருத்தம் செய்தனர். அவ்வாறு அளித்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தால் அல்லது காயமுற்றால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது அத்திருத்தம். ஆனால் இடிவுக்குக் குடியிருப்பவர் குற்றமோ இயற்கைச் சீற்றமோ மட்டுமே நேர்க்காரணமாயின் அப்பொறுப்பு இல்லை என்றும் அதில் விதித்தனர். அச்சட்டத்தைப் பின்னர் 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் சேர்த்தனர். அத்திருத்தம் நமக்கு ஒரு பாடத்தை விட்டுச் சென்றிருக்கிறது. வீடு எதனால் இடிந்தது என்பதே அங்கு வழக்கு. மழையாலா? பேணாமையாலா? குடியிருப்பவராலா? இடிந்த பிறகு இதனை யார் சொல்வது? இடியுமுன் நாளும் இடமும் குறித்து, உரிய பெயரால் எழுதப்பட்ட மனு ஒன்று இருந்தால் அதுவே சாட்சி சொல்லும்.

2020 ஆகஸ்டில் மூணாற்றின் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. 70 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். அத்தகைய பேரிடரை எந்தக் கொத்தனாரும் தடுக்க முடியாது. அதனை நினைக்கும்போது, தடுக்கக் கூடியவற்றையேனும் தடுக்காமல் விடலாகாது என்றே நெஞ்சம் துடிக்கிறது.

எளிய மக்களுக்குக் கட்டடக் கலையின் சொற்களைப் புரியவைக்க முடியுமா என்று ஐயுறுவோர்க்கு இம்மாவட்டத்திலேயே விடை உண்டு. இங்கிலாந்தில் 1917இல் பிறந்து, இந்தியக் குடிமகனாகி, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த லாரி பேக்கர் அவர்களை அறியாதார் இல்லை. தம்பானூர் ரயில் நிலையத்தின் எதிரே சுருள்போல் உயரும் செங்கல் காப்பிக்கடை அவர் கைவண்ணமே. அவர் கட்டடங்கள் பலவற்றின் செங்கற் சுவர்களில் பூச்சே இல்லை. பூச்சு இல்லையாதலால் பெயர்வதும் இல்லை; மீண்டும் மீண்டும் வண்ணம் பூசும் செலவும் இல்லை. அத்துடன் நில்லாது, வீடு கட்டுவோர் தாமே படித்துணரும் வண்ணம், தம் கையாலேயே படங்கள் வரைந்து சிறு சிறு நூல்களும் எழுதினார். பெரிய எஞ்சினீயர்க்கு மட்டுமே உரியது என்று அவர் எதையும் மறைக்கவில்லை.

அப்பெரியாரின் வழியில் நாமும் இரண்டு சிறு பணிகளைச் செய்யலாம் என்று சங்கத்தின் முன் வைக்கிறோம். முதலாவது, இங்கே கூறிய பெயர்களைத் தமிழிலும், மேஸ்திரியின் வழக்கிலும் எழுதி, சங்க வாசலில் ஒரு பலகையாகத் தொங்கவிடுதல். மனு எழுதுவோர்க்கு நான்கு வினாக்களையும் அதன் அடியில் குறிக்கலாம்: எங்கே? எப்போது? எந்த உறுப்பில்? எவ்வளவு? இந்நான்குக்கும் விடை இருந்தால் அது நல்ல மனு. இரண்டாவது, மழைக்கு முன், ஒவ்வோர் ஆண்டும் மே திங்களில், நம்முள் எழுதத் தெரிந்த சிலர் லயங்களில் வாழும் குடும்பங்களிடம் சென்று, அவர்கள் காட்டும் பழுதுகளை உரிய பெயரோடு எழுதித் தருதல். இதற்குப் பெரும் பொருள் வேண்டாம். ஒரு பேனாவும், ஒரு விடுமுறை நாளும், சிறிது பொறுமையும் போதும்.

பிழைப்பை நாடி வந்த ஊரில் நமக்குச் சொந்த வீடு இல்லாதிருக்கலாம். ஆயினும் நம் பிள்ளைகள் உறங்குவது இக்கூரைகளின் கீழேதான். கூரையில் என்ன குறை என்று கேட்டால், அதற்கு விடை சொல்லும் சொல் நம் நாவில் இருக்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!